31-ஆம் பக்கத்தில் இருக்கிறது உங்கள் தொடர்

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக ஓர் ஆவண எழுத்தரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் நிலங்களை வைத்து மூன்று தலைமுறைக் கதை ஒன்றை இணையத் தொடருக்காக யோசித்து, கதையைத் தயாரிப்பாளர்களிடம் விற்பதற்கான பிட்ச் ஆவணத்தை 46 பக்கத்தில் தயாரித்தேன். இரண்டு தயாரிப்பு நிறுவனங்களுக்கு அனுப்பினேன். ஒன்று பதிலே தரவில்லை. இன்னொன்றில், "கதை நன்றாக இருக்கிறது, ஆனால் தொடராகத் தெரியவில்லை" என்றார்கள். இதற்கு என்ன பொருள்? ஆவணத்தை எப்படி மாற்ற வேண்டும்? நாலு பேருக்குக் காட்டினால் கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. ஆவணத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் 46 பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். முதல் முறை 12-ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டு மறுநாள்தான் தொடர முடிந்தது. உங்களுக்குப் பதில் எழுத வேண்டியவன் என்பதால் மறுநாள் எடுத்துப் படித்தேன். தயாரிப்பு நிறுவனத்தில் கதை கேட்கும் பொறுப்பில் இருப்பவர் அப்படி மறுபடி எடுக்க மாட்டார். அவர் மேசையில் அந்த வாரத்துக்கு இன்னும் எத்தனையோ ஆவணங்கள் காத்திருக்கும். உங்களுக்குப் பதிலே தராதவர் 12-ஆம் பக்கத்தில் நின்றிருந்தால் 31-ஆம் பக்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் தொடர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அங்கே ஓர் அம்மா வருகிறார். தம்பிகள் இருவரும் காரில் அழைத்து வந்திருக்கிறார்கள். புதுப் புடவை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவின் நிலத்தில் தனக்குள்ள பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறார். கைரேகை வைத்த பிறகு விரலில் ஒட்டிய மையை முந்தானையில் துடைக்கப் போகிறார். புதுப் புடவை என்பது நினைவுக்கு வந்து, தலைமுடியில் துடைத்துக்கொள்கிறார். பிறகு உங்களிடம் மெதுவாகக் கேட்கிறார்: "இனிமேல் அந்தக் கிணற்றில் நான் தண்ணீர் எடுக்கக் கூடாதா?"

இதைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை. ஆனால் நீங்கள் போய்விட்டீர்கள். அடுத்த பத்தியிலேயே 1968-க்குத் திரும்பி, தாத்தா நிலம் வாங்கிய கதையைத் தொடர்கிறீர்கள்.

உங்களுக்குக் கிடைத்த பதில் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று நினைத்து வருந்த வேண்டாம். அதைச் சொன்னவர் உண்மையாகவே படித்திருக்கிறார். உங்கள் ஆவணம் 1968-இல் தொடங்கி இன்றுவரை என்னென்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லி, முடிவையும் சொல்லி முடிகிறது. படிப்பவருக்கு அது ஒரு நாவலின் சுருக்கமாகவோ நீண்ட திரைப்படமாகவோ தெரியும். தொடர் வாங்குகிறவரின் கேள்வி வேறு. இந்த நாயகி தினமும் காலையில் அந்த ஆவண எழுத்தர் மேசைக்கு வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்? நாளை என்ன, அடுத்த வாரம் என்ன, இரண்டாவது சீசனில் என்ன? கதை தானாகச் சுரந்துகொண்டே இருக்கும் இடம் எது? மும்பையில் இதை 'என்ஜின்' என்பார்கள். நான் ஊற்று என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அமெரிக்காவில் ஜீன் ராடன்பெரி 'ஸ்டார் டிரெக்' தொடரை விற்பதற்காக 1964 மார்ச்சில் எழுதிய ஆவணம் 16 பக்கம்தான். அப்போது அங்கே எல்லோரும் அறிந்திருந்த ஒரு தொடர் 'வேகன் டிரெயின்'. வண்டிகள் வரிசையாகப் புதிய நிலம் நோக்கிப் போகும், வழியில் ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய மனிதர், ஒரு புதிய கதை. அதையே விண்வெளியில் செய்யப்போகிறேன் என்றார் ராடன்பெரி. கேட்டவர்களுக்கு உடனே விளங்கியது: அதே கப்பல், அதே ஆட்கள், வாரம் ஒரு கிரகம். அந்த ஆவணத்தில் கப்பலின் பெயரும் வேறு, கேப்டனின் பெயரும் வேறு. மாதிரிக்காக எடுத்த முதல் பைலட் எபிசோடைத் தொலைக்காட்சி நிறுவனம் நிராகரித்து இரண்டாவது ஒன்றை எடுக்கச் சொன்னது. 1966 செப்டம்பரில் தொடர் ஒளிபரப்பானபோது கேப்டன் வேறு ஆளாகியிருந்தார், துணை நின்ற பாத்திரங்களில் பெரும்பாலானோரும் மாறியிருந்தார்கள். ஊற்று மட்டும் அப்படியே இருந்தது. உங்கள் தாத்தாவின் பெயர், பேத்தியின் படிப்பு, யார் யாரைக் கல்யாணம் செய்கிறார்கள் என்பதெல்லாம் பின்னால் பத்து முறை மாறும். மாறக் கூடாதது எது என்று தெரிந்துகொண்டு அதை முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்.

உங்களிடம் அது இருக்கிறது. பலர் ஆண்டுக்கணக்காகத் தேடியும் கிடைக்காத ஊற்று, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள அந்தத் தகரக் கொட்டகை. நாள்தோறும் ஒரு குடும்பம் அங்கே வந்து, இருவருக்கும் பொதுவாக இருந்ததை இருவருக்கும் தனித்தனி என்று எழுதிக்கொண்டு போகிறது. கிரயம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை, அடமானம், உயில். ஒவ்வொரு பத்திரமும் ஓர் எபிசோடு. இதைவிட என்ன வேண்டும்?

உங்கள் ஒன்லைனை, அதாவது கதையை ஓரிரு வரியில் சொல்வதை, எடுத்துக்கொள்வோம். "நிலத்துக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவை மூன்று தலைமுறைகளின் பார்வையில் உணர்ச்சிகரமாகச் சொல்லும் குடும்பக் காவியம்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் ஆளும் இல்லை, அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. உணர்ச்சிகரம் என்பதைப் படிப்பவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் கதையில் 38-ஆம் பக்கம் வரும் போலிப் பத்திர விஷயத்தையே அடிப்படையாக வைத்து நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"தந்தை இறந்த பின் அவருடைய ஆவண எழுத்தர் மேசையில் உட்காரும் மகள், ஊரின் பாதி நிலங்களுக்கு ஆதாரமான மூலப்பத்திரம் போலி என்றும், அதை எழுதியது தன் தந்தையின் கை என்றும் கண்டுகொள்கிறாள். வெளியே சொன்னால் நூறு குடும்பங்கள் தெருவுக்கு வரும். சொல்லாமல் இருந்தால், அந்தப் பொய்யின் மேல் நாள்தோறும் புதிய பத்திரங்களை அவளே எழுத வேண்டும்."

இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் சொற்களில் இன்னும் நன்றாக வரும். கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கமும் அடைபட்ட ஒரு பெண் இதில் இருக்கிறாள் என்பதைத்தான். ஒவ்வொரு காலையும் அவள் பேனாவைத் திறக்கும்போது அந்தச் சங்கடம் புதிதாகத் தொடங்குகிறது. கிணற்றைப் பற்றிக் கேட்ட அம்மாவின் நிலமும் அந்தப் போலி மூலத்தின் கீழ் வருவதுதான் என்று வைத்தால், தனிக் கதைகளும் தொடர்கதையும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். இல்லாத நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்தவர் அந்த அம்மா. இது முதல் எபிசோடின் முடிவாக இருந்தால், இரண்டாவதைப் பார்க்காமல் யாரும் தூங்கப் போக மாட்டார்கள்.

ஒன்லைன் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உங்கள் ஆவணத்தைப் படிப்பவர் முடிவெடுப்பவர் அல்லர். அவர் தன் மேலதிகாரியிடம் வாயால் சொல்வார். அவர் மும்பையில் உள்ள ஒருவரிடம் தொலைபேசியில் சொல்வார். உங்களைப் பார்த்தே இராத மூன்றாவது ஆளுக்குத்தான் பணம் ஒதுக்கும் அதிகாரம் இருக்கும். ஆகவே வாய்விட்டு வாய் போனாலும் சிதையாத கதையாக அது இருக்க வேண்டும். என் அனுபவத்தில் ஒரு முறை, அருமையான ஆவணம் ஒன்றைப் படித்த ஒருவர் கூட்டத்தில் அதை விளக்க முயன்று, மூன்று நிமிடம் பேசி, "நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள்" என்று நிறுத்திக்கொண்டார். எதிரில் இருந்த யாரும் படிக்கவில்லை. அதன் தரத்தில் குறை எதுவும் இல்லை. இன்னொருவர் வாயில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இனி ஆவணத்தின் அளவு. பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் தலைப்பு, ஒன்லைன், எத்தனை எபிசோடு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், கதை நடக்கும் ஊர், ஆண்டு. அரைப் பக்கத்துக்குக் கதையின் உலகம். பாத்திரங்களுக்கு இரண்டு மூன்று பக்கம். முதல் சீசன் எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று இரண்டு பக்கம், முடிவை மறைக்காமல். ஆவணத்தில் முடிவைச் சொல்லாமல் ஆவலைத் தூண்டப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. வாங்குகிறவர் பார்வையாளர் அல்லர், அவருக்கு எல்லாம் தெரிய வேண்டும். பிறகு எபிசோடுவாரியாக ஐந்தாறு வரிகள். கடைசியில், இதை நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள் என்று ஒரு பத்தி.

எபிசோடு எண்ணிக்கையை 24 என்று போட்டிருக்கிறீர்கள். 'சுழல்', 'வதந்தி', 'அயலி' மூன்றுக்கும் முதல் சீசன் எட்டு எபிசோடுதான். தமிழ் இணையத் தொடர்களில் ஏறத்தாழ அதுதான் பழகிய அளவு. நீங்களும் எட்டு என்று வையுங்கள். தொலைக்காட்சி நெடுந்தொடருக்கு எடுத்துப்போவதானால் கணக்கே வேறு. அங்கே வாரம் ஐந்தாறு நாள், நூற்றுக்கணக்கான எபிசோடுகள். எந்த நேரத்தில் ஒளிபரப்பாகும், அந்த நேரத்தில் வீட்டில் யார் பார்ப்பார்கள், நாயகிக்கும் குடும்பத்துக்கும் இடையே முதல் ஐம்பது எபிசோடுக்கான மோதல் என்ன என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரே ஆவணத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பக் கூடாது. உங்கள் கதை இணையத் தொடருக்கே பொருத்தம் என்பது என் எண்ணம்.

பாத்திரங்கள் பகுதிக்கு வருவோம். "கவிதா, 28 வயது, துணிச்சலானவள், அன்பானவள், அநீதியைக் கண்டால் பொங்குபவள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று சொற்களுக்கும் யாரை வேண்டுமானாலும் பொருத்தலாம். அவள் செய்யும் ஒன்றைச் சொல்லுங்கள். பத்திரத்தை வாசித்துக் காட்டும்போது கேட்பவர்களுக்குப் புரியாத இடத்தில் அவள் வேகமாகப் படிக்கிறாளா, நிறுத்துகிறாளா? அப்பா எப்போதும் வேகமாகப் படிப்பார் என்றால், மகள் முதன்முறையாக நிறுத்திப் படிக்கும் நாளில் இருவரும் யார் என்று தெரிந்துவிடும். உங்கள் ஆவணத்தில் நடிகர்களின் புகைப்படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். அவற்றை எடுத்துவிடுங்கள். படிப்பவர் கண்ணில் வேறொரு முகம் தோன்றியிருக்கலாம், அதை நாம் கெடுப்பானேன்?

ஆண்டையும் தெளிவாகச் சொல்லுங்கள். 2018-இல் பதிவு இணையவழிக்கு மாறிய பின் அந்த மேசையில் நடப்பது வேறு, அதற்கு முன் நடந்தது வேறு. இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள்.

செலவைப் பற்றிய கணக்கு உங்கள் ஆவணத்தில் வேண்டாம். அது தயாரிப்பாளரின் வேலை. ஆனால் படிக்கும்போதே அவர் மனக்கணக்குப் போடுவார் என்பதை மறக்கக் கூடாது. தகரக் கொட்டகை, பதிவு அலுவலகம், ஒரு டீக்கடை, ஒரு வீடு என்று நான்கு இடத்தில் பெரும்பகுதி நடக்கும் கதை அவருக்கு மிகவும் பிடிக்கும். அதே ஆவணத்தில் நீங்கள் முதல் எபிசோடிலேயே 1977 வெள்ளத்தை மூன்று பக்கத்துக்குக் காட்டுகிறீர்கள். ஊரே மூழ்குகிறது, மாடுகள் அடித்துச் செல்லப்படுகின்றன. அந்தக் காட்சியில் தயாரிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். வெள்ளத்தைக் கைவிடவும் வேண்டாம், திரையில் காட்டவும் வேண்டாம். பதிவு அலுவலகத்துப் பழைய தொகுதி ஒன்றைக் கவிதா எடுக்கிறாள். தண்ணீரில் ஊறி உலர்ந்து, பக்கங்கள் அப்பளம்போல் நெளிந்திருக்கின்றன. ஓர் ஓரத்தில் மை கரைந்து எல்லைகள் அழிந்திருக்கின்றன. கிழக்கே யார் நிலம் என்று படிக்க முடியவில்லை. அப்பா போலிப் பத்திரம் எழுதத் துணிந்தது அந்த அழிந்த இடத்தில்தான். வெள்ளத்தைப் படமெடுக்க ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. எனக்கு இதுதான் இன்னும் பயங்கரமாக இருக்கிறது.

"இந்தத் தொடர் இப்போது ஏன்?" என்று நிச்சயம் கேட்பார்கள். உங்களிடம் வலுவான பதில் இருக்கிறது. தந்தைவழிச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. 2005-இல் நாடு முழுமைக்கும் அது வந்தது. சட்டம் கொடுத்ததை, புதுப் புடவையும் விடுதலைப் பத்திரமும் அந்த மேசையில் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. இது நடக்காத குடும்பம் எத்தனை? பார்ப்பவர்களில் பாதிப் பேர் அந்த அம்மாவாக இருந்தவர்கள் அல்லது அவர் மகள்கள். மீதிப் பேர் காரில் அழைத்து வந்தவர்கள். இதை நான்கு வரியில், கோபத்தைக் கூட்டாமல் எழுதுங்கள்.

மொழி நடை பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஆவணம் பொதுவான நடையில் இருக்கிறது. ஆனால் பத்திரத்தின் நடை உங்கள் கையில் ஊறியது. "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது" என்ற வாக்கியத்துக்குள் ஓர் உலகமே இருக்கிறது. ஒவ்வொரு எபிசோடின் தலைப்பும் பத்திரத்திலிருந்து வரட்டும்: 'நான்கெல்லை', 'வில்லங்கம்', 'வண்டிப்பாதை', 'கிணற்றுப் பாத்தியம்'. இதைத் தொழிலில் இல்லாத எந்த எழுத்தாளரும் யோசித்துச் செய்ய முடியாது. ஆவணத்தைத் தமிழில் எழுதி முடித்த பிறகு ஆங்கிலத்திலும் ஒரு படி தேவைப்படும். ஓடிடி நிறுவனங்களில் ஒப்புதல் தருபவர்கள் பெரும்பாலும் மும்பையில் இருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் மாற்றும் ஆளிடம் கொடுக்காமல், கதை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். மூலப்பத்திரம் போன்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

திருட்டுப் பயம். உங்கள் அச்சம் வீணானது என்று சொல்ல மாட்டேன். 1978-இல் உச்ச நீதிமன்றம், தன் நாடகத்தைத் திரைப்படமாக்கிவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்தும் வடிவத்துக்குத்தான் உண்டு என்று தீர்ப்பளித்தது. "ஆவண எழுத்தரைப் பற்றி ஒரு தொடர்" என்பது யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் பாத்திரங்கள், நிகழ்வுகளின் கோவை, எபிசோடுகளின் விவரம் எல்லாம் எழுத்தில் இருந்தால் அது உங்களுடையது. 2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜீ டெலிஃபிலிம்ஸுக்கும் சன்டியல் கம்யூனிகேஷன்ஸுக்கும் இடையே நடந்த வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு தொடருக்கான கருத்தை சன்டியல் நிறுவனத்தார் நன்றாக வளர்த்தெடுத்து, எழுதி, நம்பிக்கையின் பேரில் ஜீயிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதைப் போன்ற தொடரை ஒளிபரப்பத் தடை கிடைத்தது. விரிவாக எழுதியதும், ஒப்படைத்ததற்குச் சான்று இருந்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தன.

ஆகவே ஒளித்துவைப்பதில் பாதுகாப்பு இல்லை, எழுதிவைப்பதில் இருக்கிறது. பத்திரத்தோடு வாழும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகப் பதிவு செய்ய 500 ரூபாய்க் கட்டணம். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும், மும்பையில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனிலும் உறுப்பினராகிக் கதையைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆவணத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். நேரில் சந்தித்துப் பேசினால் அன்று மாலையே, "இன்று நீங்கள் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, இந்தக் கதை குறித்து இன்னின்னது பேசினோம்" என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் படிப்பதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கும். வழக்கறிஞர் ஒருவர் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். கதையை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால், எத்தனை மாதம் அவர்களிடம் இருக்கும், தொகை என்ன, அந்தக் காலம் முடிந்தால் கதை உங்களிடம் திரும்பி வருமா, திரையில் உங்கள் பெயர் எப்படி வரும் என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு நேரடியாக அனுப்பிப் பயனில்லை. தெரிந்த தயாரிப்பாளர் அல்லது முகவர் வழியாக வருவதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். சென்னையில் ஏற்கெனவே இணையத் தொடர் எடுத்த தயாரிப்பு நிறுவனங்களைத்தான் நீங்கள் அணுக வேண்டும். உங்களுக்கு அந்தப் பதிலைச் சொன்னவருக்கே மாற்றிய ஆவணத்தை மறுபடி அனுப்பலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பதிவான நிலப் பத்திரத்தின் நகலை யாரும் கேட்டுப் பெறலாம். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் சிந்திய கண்ணீர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உங்களை நம்பி உங்கள் முன் அழுதவர்கள் அவர்கள். உங்கள் ஆவணத்தில் இரண்டு இடத்தில் கிராமத்தின் பெயரும், ஓரிடத்தில் சர்வே எண்ணும் உண்மையானவை என்று நினைக்கிறேன். இன்றே மாற்றுங்கள். கிணற்றைக் கேட்ட அந்த அம்மாவின் ஊர், தொழில், தம்பிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உங்கள் முதலாளியிடமும் நீங்கள் எழுதுவதைச் சொல்லிவிடுவது நல்லது.

திருத்திய முதல் பக்கத்தை, சினிமாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவருக்கு இரவில் ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவராக இருந்தாலும் சரி. மறுநாள் காலை அவரையே கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர் எதை விட்டுவிட்டார், எதைத் தானாகச் சேர்த்தார் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எட்டு எபிசோடுகளின் வரிசையைப் பேசலாம்.